முடி தைத்த பனியன்

நிலவுத்தளம், நாள் 212. காலை 9.10
பதிவு: இசக்கியம்மாள், காற்றோட்டப் பொறியாளர். உள் அழுத்தம் இன்றும் குறைந்தது. எங்கோ ஊசித்துளை. கசிவைக் காட்டும் கருவி வண்டியோடு போயிற்று. வண்டியை ஓட்டியவர் வளன், என் கணவர். போன வாரம் பள்ளத்தில் கவிழ்ந்து, உயிரில்லாமல் வெளியே கிடக்கிறார். மீட்புக் கலம் வரப் பத்து நாள். இப்படியே கசிந்தால் காற்று அதுவரை தாங்காது.

நாள் 213. காலை 11.40
கருவி இல்லாவிட்டால் என்ன, பூனை மீசையை வைத்துத்தானே இருட்டில் நடமாடுகிறது. என் பின்னலை வெட்டினேன். முடிகளைப் பனியனில் கோத்தேன்: ஒரு நுனி தோலில், மறு நுனி வெளியே. காற்று அசைந்தால் முடி அசையும், தோல் சொல்லும். வளனுடைய பனியன்தான்; துணி மெல்லிசு. இறந்தவர் துணியை உடுத்தக் கூடாது என்பார்கள். ஆபத்துக்குப் பாவமில்லை.

மாலை 4.05
விசிறிகளை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடி நடந்தேன். நான் விட்ட மூச்சு சுவரில் பட்டுத் திரும்புவதுகூடத் தெரிகிறது. அறை முழுக்க எனக்குத் தோல் முளைத்துவிட்டது.

நாள் 214. காலை 10.30
அகப்பட்டது. வெளிக்கதவின் ரப்பர் விளிம்பு. கதவைப் பார்த்து நின்றால் பின்கழுத்தில் மெல்லிய காற்று. நான் வேலையாக இருக்கும்போது வளன் பின்னால் வந்து ஊதிவிட்டுச் சிரிப்பார். அதே இடம், அதே அளவு. துளையை நோக்கி ஓடும் காற்று போகிற வழியில் என் முதுகைத் தொடுகிறது, அவ்வளவுதான். இருந்தும் பசையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

நாள் 215. பகல் 1.15
அடைத்தேன். அழுத்தம் நிலைத்தது. தரைநிலையத்திலிருந்து என் தோழி காந்திமதி:
"ஏட்டி, தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. அந்தப் பனியனக் கழத்திப் போட்டுட்டுத் தூங்கு."
கழற்றவில்லை. ஒரு முடியும் அசையவில்லை. அவர் செத்தது இன்றுதான் உறைத்தது.

நாள் 217. காலை
பசையை நகத்தால் சுரண்டினேன். கொஞ்சம்தான். ஊதினார்.
காந்திமதி: "இசக்கி, அழுத்தம் இறங்குதுட்டி. என்ன செய்யுத? பதில் சொல்லு."
இன்னும் கொஞ்சம் சுரண்டினேன்.

நாள் 219
தலை சுற்றுகிறது. மீட்புக் கலத்தில் வருகிறவர்களே, என்னைப் பைத்தியம் என்று எழுதிவிடாதீர்கள். காற்று வெளியே போகும், உள்ளே எதுவும் வராது. பொறியாளருக்கு இது தெரியாதா? அதனால்தான் சோதித்தேன். இன்று கதவுக்கு முதுகு காட்டி நின்றேன். விதிப்படி காற்று முகத்தில்தான் பட வேண்டும்.

பின்கழுத்தில் பட்டது.