மேடைக்கு வந்த சீட்டு

அம்மாவின் பாதம் தொட்டு வணங்கி இமேஷா எழுதுவது. முழங்கால் வீக்கம் வடிந்ததா? என் மகள் செனுலி உங்களைப் படுத்தாமல் தூங்குகிறாளா?

கச்சேரிகள் நன்றாகப் போகின்றன. ஆற்று மணல் திருட்டைப் பற்றி நான் எழுதிய பாட்டுக்குத்தான் கைதட்டல் அதிகம். ஆனால் இதுவரை பாடிய மூன்று ஊர்களிலும், நேயர் விருப்பச் சீட்டுகளோடு, "அதைப் பாடாதே" என்று ஒரே கையெழுத்தில் ஒரு சீட்டு வந்தது. என்னைத் தங்கை என்றே கூப்பிடும் அறிவிப்பாளர் லலந்த அண்ணன், "நங்கி, ஒனக்கு ஒரு மாமியார் ஊர் ஊரா வர்றா போல!" என்று கேலி செய்தார். நானும் சிரித்துவிட்டுப் பாடினேன்.

இன்று தம்புள்ளையில் அதே கையெழுத்து, "மகளுக்குப் பாடும் தாலாட்டைப் பாடு" என்றது. "அட, ஆள் திருந்திட்டான்! எடுத்து விடு நங்கி" என்றார் அண்ணன். நான் மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டு மேடையை விட்டு இறங்கினேன். அந்தத் தாலாட்டை நம் வீட்டு அறைக்கு வெளியே நான் பாடியதே இல்லை, அம்மா.

போனில் சொன்னால் அழுதுவிடுவேன். இதைக் கொண்டுவரும் சுமித் எங்கள் டிரம் வாசிப்பவர், நம்பலாம். அவருக்குத் தேநீர் வைக்கக்கூட நிற்காமல், செனுலியைத் தூக்கிக்கொண்டு உடனே அவரோடு என்னிடம் புறப்பட்டு வாருங்கள். அவளுடைய நீலப் போர்வையையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிக்கு ஓதி அவள் கையில் கட்டிய பிரித் நூல் இருக்கிறதா என்று பாருங்கள்.

சுமித் கிளம்ப வேன் காத்திருக்கிறது, முடிக்கிறேன். வழியில் செனுலி அழுதால் வேறு ஏதாவது பாடுங்கள், அந்தத் தாலாட்டு மட்டும் வேண்டாம்.

இமேஷா