புதுக் காரும் கொழுந்தன் வீடும்

ஆனி பதினாறு, இரவு.

நாலு மாதம் காத்திருந்த கரண்ட் கார் நேற்றுதான் வந்தது. இன்று சிதம்பரம் கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பினோம். கடலூரில் எங்கள் வீடு வரை சார்ஜ் தாங்காது என்றான் மகன். முழுசாக ஏற்றாமல் எடுத்துவந்தது அவன் தப்பு. சார்ஜ் போடும் இடமும் பூட்டிக் கிடந்தது.

"பக்கத்துல சித்தப்பா வீட்ல போட்டுக்கலாம்மா."

என் வீட்டுக்காரர் கருமாதிக்கு வராத கொழுந்தன் அவர். அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் தொடமாட்டேன் என்று அன்றே சொன்னேன். பதினெட்டு வருஷமாகத் தொடவில்லை.

காருக்கு சார்ஜ் ஏறும்வரை மூன்று மணி நேரம் அங்கே உட்கார வேண்டியதாயிற்று. கொழுந்தனே மோர் கொண்டுவந்தார். வயசில் அவர் கை நடுங்கியது.

"அண்ணி, காருக்கு எங்க வீட்டு கரண்ட் ஆவுது. உங்களுக்கு மோர் ஆவாதா?"

"காருக்கு ரோஷம் கெடையாது" என்றேன்.

சிரித்தார். டம்ளரைத் திருப்பி எடுத்துப் போகையில் பாதி மோர் தரையில் சிந்தியது. துணி எடுத்துத் துடைக்கக் குனிந்தவர், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன். ஆனாலும் வீடுவரை வந்தது அவர் வீட்டு கரண்டில்தான். அந்தக் கை இன்னும் எத்தனை நாளைக்கு டம்ளர் தூக்குமோ.