ஏரிக்கரைக் காட்டில் உன்னை விட்டு வந்தேன்

அப்பாவின் தங்கம் தேன்மொழிக்கு,

காவிரிக்கரை அம்மா மண்டபத்துப் படித்துறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பக்கத்தில் ஒரு குடும்பம் தங்கள் பெரியவரின் அஸ்தியைக் காவிரியில் கரைத்துவிட்டு முழுகி எழுகிறது. எனக்குக் கரைக்க எதுவும் இல்லை.

ஜெர்மனியில் உன்னோடு வேலை பார்த்த மதுரைப் பெண் ரேவதி போன் பண்ணி, நீ போய்விட்டாய் என்று சொன்னபோதுதான், உனக்குப் புற்றுநோய் இருந்ததே எங்களுக்குத் தெரியும். எட்டு மாதமாம். அந்த எட்டு மாதமும் ஞாயிறு தவறாமல் பேசினாயே. "கேமரா சரியில்லப்பா" என்று முகத்தை மட்டும் காட்டவில்லை. "சாப்பிட்டீங்களா" என்று கேட்டாய். உன்னால் சாப்பிட முடிந்ததா, கண்ணு?

ஜெர்மனிக்கு வந்ததும் உன் டாக்டரம்மாவிடம் சண்டைக்குத்தான் போனேன். "பெத்தவங்ககிட்ட ஏன் சொல்லல?" ரேவதிதான் மொழிபெயர்த்தாள். அந்த அம்மா கோபப்படவில்லை. "சொல்லட்டுமான்னு ரெண்டு தடவை அவகிட்ட கேட்டாங்களாம், அங்கிள். தேன்மொழி வேண்டாம்னுட்டாளாம். அவ உடம்பு, அவ முடிவுங்கிறாங்க."

உன் தாத்தாவுக்கு இதே நோய் வந்தபோது திருச்சி டாக்டர் என்னைத்தான் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். தாத்தாவுக்குக் கடைசிவரை தெரியாது. அல்சர் என்று சொல்லி வைத்திருந்தோம். அதைத்தான் அன்பு என்று நினைத்திருந்தேன். தெரிந்திருந்தால் அவரும் உன்னை மாதிரி எதையாவது எழுதிவைக்க ஆசைப்பட்டிருப்பாரோ?

நீ எனக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தை ரேவதி கொடுத்தாள். "அப்பா, சொன்னா நீங்க எல்லாரும் சேர்ந்து எனக்காக முடிவெடுப்பீங்க. எந்த ஆஸ்பத்திரி, என்ன சாப்பாடு, எந்தக் கோயில்னு. இருக்கிற கொஞ்ச நாள நானா இருந்து பாத்துடுறேன். என் சாம்பல இங்க ஏரிக்கரைக் காட்டுல புதைக்கச் சொல்லியிருக்கேன். கோவிச்சுக்காதீங்க."

கல்யாணம் வேண்டாம் என்று நீ போனில் சொன்ன அன்றைக்கு, "உனக்குன்னு தனியா என்ன முடிவு? நீ எங்க பொண்ணு" என்று கத்தினேன். பாசத்தில் கத்தியதுதான். அன்றோடுதான் என்னிடம் எதையும் சொல்லாமல் நிறுத்திக்கொண்டாயா?

உன் சிநேகிதர்கள் பதினோரு பேர் காட்டுக்கு வந்திருந்தார்கள். ஒவ்வொருவராக உன்னைப் பற்றிப் பேசினார்கள். நீ யார் வீட்டுப் பெண் என்று ஒருவரும் சொல்லவில்லை. குளிர்காலத்திலும் ஏரியில் இறங்கி நீந்துவாயாம். காவிரிக்கரையில் வளர்ந்த உன்னை முழங்கால் தண்ணீருக்கு மேல் நான் விட்டதேயில்லை. அவர்கள் சொல்லச்சொல்ல, யாரோ ஒரு பெண்ணைப் பற்றிக் கேட்கிற மாதிரி இருந்தது. அவளை எனக்குப் பிடித்திருந்தது. அவள் என் மகள் என்பதும், அவளை நான் பார்த்ததேயில்லை என்பதும் சேர்ந்தே உறைத்தன.

அதற்கு முதல் நாள் ரேவதி, "சாம்பல ஊருக்குக் கொண்டுபோகணும்னா கேட்டுப் பாக்கலாம் அங்கிள். நீங்க அப்பா, ஒத்துக்குவாங்க" என்றாள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். மறுநாள் என் கையாலேயே உன்னை அந்தக் காட்டில் ஒரு மரத்தடியில் வைத்தேன்.

திரும்பி வந்தபோது ஏர்போர்ட்டில் உங்கம்மா என் கையைத்தான் முதலில் பார்த்தாள்.

"எங்கங்க அவ?"

"அங்கேயே இருக்கேன்னு எழுதி வச்சிருந்தா."

"அவ சொன்னா விட்டுட்டு வந்துடுவீங்களா? சின்னப்பிள்ளைங்க அவ."

உனக்கு முப்பத்தொரு வயது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது? அதோடு அவள் என்னிடம் பேசுவதை விட்டுவிட்டாள்.

காரியத்துக்கு போஸ்டர் அடிக்க சத்திரம் பேருந்து நிலையம் பக்கத்து அச்சகத்துக்குப் போனேன். உன் பெயரை மட்டும் போடச் சொன்னேன். "யார் மகள், யார் பேத்தின்னு போடாம எப்படிங்க? பாக்குறவங்களுக்கு யாருன்னு தெரியணும்ல" என்றார் அச்சகக்காரர். அவர் கேட்டதும் நியாயம்தான். எல்லாப் பெயரையும் போட்டோம். உன் பெயருக்கு மேலே என் பெயர் பெரிதாக நின்றது. அதைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

நான் செய்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை, தங்கம். சில நாள் காலையில், உன்னை அன்னிய மண்ணில் தனியாகப் போட்டுவிட்டு வந்த பாவி நான்தான் என்றே கண் விழிக்கிறேன்.

நேற்று சமையலறை வாசலில் நின்று உங்கம்மாவிடம், "உனக்கு என்ன செய்யணும்னு தோணுது? நீ சொல்லு" என்றேன். கல்யாணமாகி முப்பத்துநாலு வருடத்தில் அவளிடம் நான் இப்படிக் கேட்டதில்லை. அடுப்பை அணைத்தாள். அப்புறம் சொன்னாள்: "என் பிள்ளை கிடக்கிற இடத்த நான் பாக்கணும்."

இன்று காலை இருவரும் போய் அவளுக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்தோம். எத்தனை மாதமானாலும் கூட்டிக்கொண்டு வருகிறேன். உன் பக்கத்தில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதை அவளே சொல்லட்டும். அதுவரை அவளைக் கிளம்பச் சொல்ல மாட்டேன்.

உன்னைத் தெரிந்துகொள்ளப் பிந்திவிட்ட
உன் அப்பா