மாதா வராத வீடு

அக்கா,

இன்று காலை வேலைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்த கிழவி ஒருத்தி மந்தரீன் தோடம்பழம் உரித்தாள். மற்றத் தோட்டங்களிலெல்லாம் முடிந்த பிறகு, மார்ச் மாதத்தில் சியாகுல்லியில் மட்டும் பழுக்கிற மந்தரீன். அந்த வாசனை பரவியதும் உங்கள் வீட்டு வாசல் நினைவுக்கு வந்துவிட்டது. றெஜினா அக்கா தோட்ட வேலை முடித்து வந்தால், எத்தனை தரம் கை கழுவினாலும் அது போகாது. "இவ படியேற முதலே என்ரை மூக்குக்குத் தெரிஞ்சிடும்" என்பீர்கள். "அப்ப மூக்கைப் பொத்திக்கொண்டு சோத்தைப் போடும்" என்பார் அவர், சிரிக்காமல்.

சீசா பகுதியில் இருந்த அந்த வீட்டில் ஒரு இரவாவது படுக்காமல் இந்தச் சிசிலி நகரத்தில் காலூன்றிய தமிழர் குறைவு. யுத்தம் முடிந்து வந்தவர்களுக்கு நீங்கள் இருவரும் கூடத்தில் மெத்தை விரித்தீர்கள். சோறு போட்டீர்கள். வேலை வீட்டுச் சிஞ்ஞோராவிடம் லீவு கேட்டு, பெர்மெஸோ என்ற வதிவிட அனுமதிக்காக அவர்களோடு குவெஸ்தூராவில், பொலிஸ் கந்தோர் வரிசையில் நின்றீர்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் அருளப்பு அண்ணன். ஒரு குளிர்காலம் முழுவதும் றெஜினா அக்காவின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உங்கள் கூடத்தில் உறங்கியவர். பிறகு அவருக்கு வேலை வந்தது, குடும்பம் வந்தது, குரல் வந்தது. கடைசியில் எங்கள் செபக்குழுவின் தலைமையும் வந்தது.

அந்த வீட்டில் ஒரு படுக்கையறைதான் என்பது அங்கே படுத்தெழும்பிய எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் கேட்கவில்லை. றெஜினா அக்காவை உங்கள் மச்சாள் என்றார்கள். நீங்கள் மன்னார், அவர் முல்லைத்தீவு. எந்த வழியில் மச்சாள் என்று நம் ஆட்கள் விசாரிக்காமல் விட்ட ஒரே உறவு அதுவாகத்தான் இருக்கும். தெரிந்த ஒன்றைத் தெரியாததாக வைத்திருக்க ஒரு முறைப்பெயர் போதும் அவர்களுக்கு.

பிறகு உங்களுக்கு நோய் வந்தது. ஆஸ்பத்திரியில், "இவர் உங்களுக்கு யார்?" என்று கேட்டார்கள். மச்சாளை நம்பிக் கையெழுத்து வாங்க அவர்கள் தயாரில்லை. இந்த நாட்டில் இரண்டு பெண்கள் சேர்ந்து பதிவு செய்யலாம் என்று சட்டம் வந்த வருடம் அது. நகரசபையில் நீங்கள் இருவரும் கையெழுத்திட்டபோது சாட்சிகளில் ஒருத்தியாக நான் நின்றேன். றெஜினா அக்கா வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தார். நீங்கள், "பூசைக்குப் போறமாதிரி வந்திருக்கிறா பார்" என்று என் காதுக்குள் சொன்னீர்கள். ஒரு கிழமைக்குள் செய்தி எல்லா வீட்டுக் குசினிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஒக்டோபரில் மாதா சுரூபம் வீடு வீடாகப் போவது நம் வழக்கம். ஒரு பின்னேரம் ஒரு வீடு. அங்கே செபமாலை, பாட்டு, தேத்தண்ணி. மறுநாள் அந்த வீட்டுக்காரரே அடுத்த வீட்டுக்குச் சுரூபத்தைத் தூக்கிப் போக வேண்டும். உங்களுக்கு அடுத்த முறை எனது. அந்த வருடம் நீங்கள் மாதாவுக்காக எப்படிக் காத்திருந்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். அடுத்த ஒக்டோபரை நம்ப வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அது குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஒக்டோபருக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, போர்கோ வெக்கியோ கோயிலின் பின்பக்க மண்டபத்தில், நீங்கள் பொரித்துக் கொண்டுவந்த இறால் கட்லட்டைச் சாப்பிட்டுக்கொண்டே, மாதா உங்கள் வீட்டுக்கு வரலாமா என்று உங்களையும் இருத்திவைத்துப் பேசினார்கள். அருளப்பு அண்ணன் வேதாகமத்தைத் திறந்து சோதோமின் கதையை வாசித்தார். நல்ல குரல். வாசித்துவிட்டு நிமிர்ந்து, "இது நான் சொல்லேல்லை. வேதம் சொல்லுது" என்றார்.

வேதம் தானாக வாய் திறந்து நான் கேட்டதில்லை, அக்கா. எப்போதும் யாரோ ஒருவர் விரல் வைத்துத் திறக்கிறார். தனக்கு வேண்டிய இடத்தில் மூடுகிறார்.

"அண்ணை, சோதோம் செய்த பாவம் என்னெண்டு எசேக்கியேல் சொல்லியிருக்கிறாரே" என்றேன். "செருக்கு, வயிறு முட்டச் சாப்பாடு, ஏழைக்குக் கை குடுக்காதது. வாசலுக்கு வந்த அந்நியரை ஊரே திரண்டு சீரழிக்கப் பாத்த கதை அது. உங்களை வாசல்லை நிப்பாட்டாமல் உள்ளை கூப்பிட்டது ஆர்?"

"அது வேறை, இது வேறை."

ஸ்டெல்லா அக்கா உதவிக்கு வந்தார். ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பிக்கிறவர். "லேவியர்லை நேரடியாவே கிடக்கு, அருவருப்பு எண்டு."

"செதிளில்லாத கடல் சாப்பாடும் அதே லேவியர்லை அருவருப்புத்தான். உங்கடை கையிலை இருக்கிறது இறால்."

அவர் கையைப் பார்த்தார். பிறகு மிச்சத்தை வாய்க்குள் போட்டுக்கொண்டு, "அது பழைய ஏற்பாடு, பிள்ளை" என்றார்.

"அப்ப சோதோம் எந்த ஏற்பாடு?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அருளப்பு அண்ணன் பவுலுக்குத் தாவினார். உரோமையருக்கு எழுதிய கடிதத்தின் முதலாம் அதிகாரம். "அடுத்த அதிகாரத்தின்ரை தொடக்கத்தையும் வாசியுங்கோ, மற்றவையைத் தீர்ப்பிடுறவைக்குச் சொன்னதை" என்றேன். "நேரம் போட்டுது, தங்கச்சி" என்றார்.

பவுல் எழுதியது அங்கே இருக்கிறது. இல்லை என்று நான் சொல்லவில்லை. அதை எப்படி வாசிப்பது என்று உண்மையாகவே குழம்பித் தூக்கம் கெடுகிறவர்களை நான் மதிப்பேன். இவர்கள் குழம்பவில்லை. நாளைக்கு என்ன மீன் வாங்குவது என்பதில் இருக்கிற குழப்பம்கூட இவர்களுக்கு இதில் இருக்கவில்லை. எனக்கு அருவருப்புத் தந்தது அந்த நிம்மதிதான். பங்குச் சுவாமியிடம் ஏற்கெனவே கேட்டிருந்தார்களாம். "உங்களுக்குள்ளை கதைச்சு ஒற்றுமையா ஒரு முடிவுக்கு வாங்கோ" என்றாராம். அவருடைய கை எவ்வளவு சுத்தம் பாருங்கள்.

அந்த ஒற்றுமையான முடிவு உங்களுக்கு நினைவிருக்கும். அருளப்பு அண்ணன் குரலைத் தணித்து, மிகவும் அன்பாகச் சொன்னார்: "மாதா வரட்டும் அக்கா. நாங்கள் வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா அண்டைக்குப் பின்னேரம் மச்சாள் வேலை எண்டு எங்கையும் போயிட்டா ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை. ஒரு ரெண்டு மணித்தியாலம்தானே."

எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள். நீங்கள் மெலிந்துபோயிருந்தீர்கள்; தலையில் துணி கட்டியிருந்தீர்கள். ஓம் என்று சொல்லியிருந்தால் றெஜினா அக்காவே சந்தோசமாக வெளியே போய் நின்றிருப்பார். உங்களுக்கும் அது தெரியும்.

"அவ இல்லாத வீட்டுக்கு மாதா வந்து ஆரைப் பாக்கிறது, அருளப்பு?" என்றீர்கள். பிறகு எழும்பி, "கட்லட் மிச்சம் கிடக்கு, பிள்ளையளுக்குக் கொண்டுபோங்கோ. தட்டை மட்டும் மறக்காமல் தாங்கோ" என்றீர்கள். வெட்கமில்லாமல் அதையும் சுற்றி எடுத்தார்கள்.

மாதா உங்கள் வீட்டைத் தாண்டி என் வீட்டுக்கு வந்தார். மறுநாள் காலை, சுரூபத்தைப் படுக்கை விரிப்பால் சுற்றி, பிள்ளையைப்போல் தூக்கிக்கொண்டு சீசா பஸ்ஸில் ஏறினேன். விரிப்பு விலகி மாதாவின் முகம் தெரிந்தபோது, சிசிலிக்காரி ஒருத்தி நெற்றியில் சிலுவை போட்டு எழும்பி இடம் தந்தாள். எங்கே கொண்டுபோகிறாய், யார் வீட்டுக்கு, அங்கே யாரோடு யார் படுக்கிறார்கள் என்று அவள் கேட்கவில்லை.

கதவைத் திறந்து பார்த்துவிட்டு நீங்கள் கேட்டது இதுதான்: "மாதாவுக்கும் டிக்கெட் எடுத்தனியோ?"

"இல்லையக்கா."

"பரவாயில்லை. பேப்பர் இல்லாமல் வந்த சனந்தானே நாங்களும்."

றெஜினா அக்கா குசினி வாசலிலேயே நின்றார். மண்டபத்தில் நடந்ததை யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். "நான் கொஞ்சம் கடைக்குப் போட்டு வாறன்" என்றார். நீங்கள் அவருடைய கையைப் பிடித்து இழுத்து இருத்தினீர்கள். "வந்து இரும். செபமாலையிலை முதல் காரணிக்கத்தை நீர்தான் சொல்ல வேணும்." அவர் முதலில் கை கழுவப் போனார். நீங்கள் காத்திருந்தீர்கள். நானும் காத்திருந்தேன். கடைசியில் அவர் சொன்னார், முழுவதும்.

உங்கள் அடக்கத்துக்கு எல்லோரும் வந்தார்கள். பூ வந்தது, பதாகை வந்தது. அருளப்பு அண்ணன் நல்ல குரலில் செபமாலை சொன்னார். பிறகு, "எங்கடை அக்காவையும், அவவை இவ்வளவு காலமும் பராமரிச்ச மச்சாளையும்" என்று பேசத் தொடங்கினார். அந்தச் சொல்லை உங்கள் பெட்டிக்கு மேலேயே திருப்பி வைத்துவிட்டார்கள். வைத்ததும் எவ்வளவு பாசம் பொங்கியது தெரியுமா? றெஜினா அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவர்களுக்கு நீங்கள் இருவரும் சேர்ந்து வாழ்ந்தது ஒருநாளும் பாரமாக இருக்கவில்லை. அதை நீங்கள் மறைக்காததுதான் பாரம். பொய்யோடு அவர்கள் எத்தனை வருடமும் சமாதானமாகச் சாப்பிடுவார்கள்.

"அவையள் பாவமடி, பயந்த சனம்" என்பீர்கள். அந்த இரக்கத்தை நானும் முயன்று பார்த்தேன், அக்கா. எனக்கு அது பொருந்தவில்லை. பயந்தவர்கள் இப்படி நன்றாகச் சாப்பிடுவதில்லை.

என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு வாக்கியம். நீங்கள் போன பிறகு வந்த முதல் ஒக்டோபருக்கு முன்னால், மண்டபத்தில் வீடுகளின் ஒழுங்கை வாசித்து என் பெயருக்கு வந்தபோது எழும்பிச் சொன்னேன்: "மாதா முதல்லை றெஜினா அக்கா வீட்டை போகட்டும். பிறகு என்ரை வீட்டை வரலாம்." அந்த ஒக்டோபரில் மாதா எங்கள் இரண்டு வீட்டுக்கும் வரவில்லை. போன வருடம், நான் வாய் திறக்க முதலே அருளப்பு அண்ணன் என் பெயரைத் தாண்டி அடுத்த பெயரை வாசித்துவிட்டார்.

நான் எழும்பினேன். சொன்னேன்.