பதினொரு ரெப்போவிலும் என்ற வாய்

ஆடி 6, திங்கள்

காத்து பேயாட்டம். ஆபீஸ் கதவுக்கு செங்கல் முட்டு. கரண்டு மூணு தடவை போச்சு.

வேலை: கஸ்டமருக்கு ஒண்ணா புரோகிராம் போட்டு வெக்கற பதினொரு ரெப்போவிலும் தனித்தனியாக் கிடந்த ஹூக் ஸ்கிரிப்டை ஒரே ஃபோல்டருக்குக் கொண்டாந்தது. இனி ஒரு எடத்துல மாத்தினா எல்லாத்துலயும் மாறும். கேரளா எல்லை கோவிந்தாபுரம் செக்போஸ்ட் மாதிரி. யார் கமிட் போட்டாலும், அதாவது எழுதின புரோகிராமை உள்ள ஏத்தினாலும், நிறுத்திப் பாக்கும், உள்ள பாஸ்வேர்டு கிடந்தா விடாது.

பழசைத் தொறந்தா குமட்டுது. பதினொண்ணும் பதினோரு தினுசு. ஒண்ணு பாதிதான் இருக்கு. இன்னொண்ணுல முதல் வரியிலயே "எல்லாம் சரி, போ"ன்னு எழுதி வெச்சிருக்கான் ஒரு மகராசன். பி.டெக்காமா. த்தூ.

மறிக்கறப்ப வர்ற மெசேஜ் நான் எழுதினது. இருபது. ஆள் பேர் சொல்லிக் கூப்பிடும், மாத்தி மாத்தி வரும். இது வரைக்கும் என்ற ரெப்போவுல மட்டும். இன்னியிலிருந்து எல்லாருக்கும். எழுதறப்பவே சிரிப்பு.

ஆடி 8, புதன்

பல்லெல்லாம் மண்ணு. டீக்கடை வடையில எண்ணெய் நாத்தம், பாதியிலயே போட்டுட்டேன்.

எதிர் சீட்டு செல்வி, எங்க கஸ்டமர் பால் சொசைட்டிக்கு மீட்டிங் போயிட்டு வந்தாங்க. மூஞ்சி உம்முன்னு. "ஏனுங் அம்மிணி, பால் திரிஞ்சு போச்சுங்களா?"ன்னேன். பையை வெச்சுட்டு மிசினைத் தொறந்தாங்க.

ஆடி 10, வெள்ளி

சொசைட்டி பாஸ்வேர்டு வெளிய போயிருச்சு. யார் வேணும்னாலும் பாக்கற ரெப்போவுல. கமிட் செல்வியோடது.

அவங்க மிசினைப் பாத்தேன். ஹூக் ஃபோல்டருக்குப் பதிலா ஒரு காலி ஃபோல்டரைக் காட்டி வெச்சிருக்கு, செக்கிங்கே நடக்காது. செக்போஸ்ட்டுக்குப் பயந்து தோப்புக்குள்ள வண்டி ஓட்டற ஆளுகளாட்டம். அருவருப்பு. என்ற நாலு நாள் வேலை.

மொதலாளி: "திங்கக்கிழமை அந்தப் பொண்ணை வேலையை விட்டு நிறுத்தறேன்."

நிறுத்தினா இங்க வேற ஆபீஸ் இல்ல. தெனம் கோயமுத்தூர் பஸ். அவங்க மகளுக்கு ஆறு வயசு.

ஆடி 11, சனி

செல்விகிட்டக் கேட்டுட்டேன். "ஏனுங்க கழட்டுனீங்க?"

"சொசைட்டியில புரோகிராமைப் பெரிய ஸ்கிரீன்ல காட்டிட்டிருந்தேனுங்ண்ணா. கமிட் போட்டா உங்க மெசேஜ். 'செல்வி அம்மிணி, தூங்கி எந்திரிச்சாச்சுங்களா, மூஞ்சி கழுவிட்டு வாங்க'ன்னு. செக்ரட்டரி சத்தமாப் படிச்சார். அத்தனை ஆம்பளைகளும் சிரிச்சாங்க. இப்ப போன் பண்ணினாலே 'மூஞ்சி கழுவியாச்சா'ங்கறாங்க. மறுக்கா வரக்கூடாதுன்னு கழட்டினேன்."

"வெளையாட்டுக்குங்க..."

"எனக்கு வெளையாட்டு இல்லீங்ண்ணா."

இருபதையும் அழிச்சேன். இப்ப வர்றது: பாஸ்வேர்டு இருக்கு, இந்த வரியில. அவ்வளவுதான். ஒரு எடத்துல அழிச்சேன், பதினொண்ணுலயும் போச்சு.

வியாழக்கிழமை வரைக்கும் அதை வாசிச்சு நானே சிரிச்சிட்டிருந்தேன். என்ற மேலயே ஒரு நாத்தம்.

மொதலாளிகிட்டச் சொன்னேன். மெசேஜ் நான் எழுதினது, அதனாலதான் கழட்டினாங்கன்னு.

"என்கிட்ட எதுக்குச் சொல்றே? சொசைட்டியில போய்ச் சொல்லு. அவங்க ஒத்துக்கிட்டா பொண்ணு இருக்கட்டும்."

ஆடி 13, திங்கள்

காத்து கொறைவு. சொசைட்டி. டைரக்டர்க எட்டுப் பேர். யாரும் உக்காரச் சொல்லலை. சொன்னேன். ஆறு வாக்கியம். நடுவுல ஒரு தமாஷு வாய்க்குள்ள வந்துச்சு, முழுங்கிட்டேன்.

செக்ரட்டரி: "அந்தப் பொண்ணே பண்ணட்டும். நீங்க இனி எங்க வேலையைத் தொட வேண்டாம்."

"சரிங்க."

ஆபீஸ் வந்து சொசைட்டி ரெப்போவுல இருந்து என்ற பேரை நானே எடுத்தேன். செல்வி எதிர்ல. தலை நிமிராம சொசைட்டி வேலையைப் பாத்துட்டிருந்தாங்க.