கோடு பார்க்காமல் பைப் வெட்ட ஒரு ஜிக்

பட்டாபிராம்,
ஞாயிற்றுக்கிழமை

மஸ்கட்டில் இருக்கும் அன்பு மச்சானுக்கு, ஏகாம்பரம் எழுதிக்கொள்வது. உங்கள் தங்கை கோமளாவும் மகள் வர்ஷாவும் நலம். நானும் நலம் என்றுதான் எழுத வேண்டும், கை வரவில்லை.

போனில் சொல்லலாமே என்பீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். அதனால்தான் புதன்கிழமை அங்கே வேலைக்குக் கிளம்புகிற நம் தெரு வேம்புலியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தால் பொறுத்துப் படியுங்கள்.

என் கண் போய்க்கொண்டிருக்கிறது மச்சான். நரம்பு பட்டுப்போகிறதாம். போன பார்வை திரும்பாது, மிச்சமும் எவ்வளவு நாளைக்கோ என்று டாக்டர் சொல்லி ஆறு மாதமாகிறது. வீட்டில் நான் மூச்சு விடவில்லை. வர்ஷா காலேஜ் முடிக்க இன்னும் இரண்டு வருஷம். அதுவரை வேலையில் ஒட்டிக்கொண்டிருந்தால் போதும் என்று நினைத்தேன்.

அம்பத்தூர் பட்டறையில் எனக்குப் பள்ளிக்கூட பெஞ்சுக்குக் கால் வெட்டுகிற வேலை. பைப்பில் டேப் பிடித்து, சாக்பீஸில் கோடு போட்டு, அந்தக் கோட்டில் வெட்ட வேண்டும். கோடு எனக்குத் தெரியவில்லை. ஒரே வாரத்தில் பதினோரு கால் குட்டையாகிவிட்டது. பைப் உருண்டுவிட்டது என்று புளுகினேன்.

அதன் பிறகுதான் ஒரு ஜிக், அதாவது பைப்பை அளவாகப் பிடித்துக்கொள்கிற ஒரு சட்டம், செய்தேன். ஸ்கிராப்பில் கிடந்த, 'எல்' மாதிரி மடிந்த இரும்பு ஆங்கிளைப் பள்ளம் மேலே பார்க்கும்படி ஒரு தகட்டின் மேல் வைத்து வெல்டிங் பண்ணினேன். அதில் படுக்கவைத்தால் பைப் உருளாது. ஒரு முனையில் பைப் முட்டி நிற்க ஒரு துண்டுத் தகடு, மறுமுனையில் பிளேடு இறங்க ஒரு சந்து, நடுவில் பைப்பை அமுக்கிப் பிடிக்க ஒரு கிளாம்ப். சரியாக இருந்த ஒரு காலை வைத்தே நீளத்தைப் பிடித்துக்கொண்டேன். டேப்பும் வேண்டாம், கோடும் வேண்டாம். டக்கென்று முட்டுகிற சத்தம் கேட்டால் கிளாம்பை இறுக்கி வெட்ட வேண்டியதுதான். இருநூறு கால் வெட்டினேன், ஒன்றுகூடப் பிசகவில்லை. அன்றைக்கு ரயிலில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

அந்தச் சந்தோஷம் நான்கு நாள்கூட நிற்கவில்லை. முதலாளி கோவிந்தன் வந்து பார்த்தார். "இன்னா அண்ணாத்தே, இத்த வச்சிகினு யார் வேணா வெட்லாமே! உன்ன மாரி ஆளு இங்க குந்திகினு கீறது வேஸ்ட்டு. ஒரு வாரம் இத்த வேற ஆளுக்குக் கத்துக் குட்த்துட்டு, அப்பால மார்க்கிங் டேபிளுக்கு வந்துடு" என்று முதுகில் தட்டினார். துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த குப்பம்மா இப்போது என் ஜிக்கில் வெட்டுகிறார். "உன் புண்ணியம்ண்ணா, குனிஞ்சி குனிஞ்சி இடுப்பு ஒடிஞ்சிகினு இருந்துச்சி" என்று கும்பிட்டார். நன்றாகவே வெட்டுகிறார். அந்த இடத்தைத் திருப்பிக் கொடு என்று எந்த வாயால் கேட்பேன்?

மார்க்கிங் என்றால் நாள் முழுக்க வரைபடம் பார்த்து, மில்லிமீட்டர் பார்த்து, கோடு போடுவது. நான் தப்பாகப் போட்டால் நூறு துண்டு வீணாகும். நாளை விட்டு அடுத்த திங்கட்கிழமை தொடங்க வேண்டும். அன்று சாயங்காலத்துக்குள் என் கண் விஷயம் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அவருக்குப் பெரிய வேலை கொடுத்துவிட்டார்கள் என்று கோமளா கேசரி கிண்டித் தெருவுக்கெல்லாம் கொடுத்தாள். நானும் சாப்பிட்டேன்.

வேம்புலி வியாழக்கிழமை உங்களிடம் வந்துவிடுவான். அன்றைக்கே கோமளாவுக்குப் போன் செய்து என் கண் விஷயத்தை நீங்களே சொல்லிவிடுங்கள் மச்சான். என்னால் முடியவில்லை. அவள் அழுது முடிக்கிற வரைக்கும் போனை வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு
உங்கள் மாப்பிள்ளை
ஏகாம்பரம்