மஞ்சளாக முளைத்த வெள்ளி

மாமா,

வண்டி அச்சுக்குப் போட விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்துக்கொண்டிருந்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றுவிட்டாய். உயிரோடு இருந்தபோது கூப்பிட்டால்கூட இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். இப்போது இடது கையால் வேறு எழுதுகிறேன். கோழி கிளறிய மாதிரிதான் இருக்கும். வலது கைக்கு என்ன ஆனது என்று கடைசியில் சொல்கிறேன்.

ஓசூர் மைசூருக்கா மெட்ராஸுக்கா என்று பெரிய மனிதர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வருஷம் அது. பேரிகையிலிருந்து நம் இரண்டு வண்டியிலும் புளி ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரி சந்தைக்குக் கிளம்பினோம். இருட்டும் நேரத்துக்குச் சூளகிரி தாண்டி, மலைப்பாதைக்கு முன்னால் இருக்கும் தோப்பில் மாட்டை அவிழ்த்தோம். விடிவெள்ளி முளைக்காமல் அங்கே யாரும் வண்டி பூட்டமாட்டார்கள். வெள்ளி வந்தால் எதிர்ப்பக்கத்து வண்டிகளும் வரும், துணை இருக்கும். அதற்கு முன்னால் போனால் திருடர்கள் எறியும் கல்தான் வரும்.

களியைத் தின்றுவிட்டு மல்லாந்து படுத்தோம். வடக்கே வானத்தில் நாலு மீனைக் காட்டினாய்.

"அது கெழவி கட்டிலு. பின்னால வர்ற மூணும் திருடனுங்க. கட்டில் காலு வெள்ளியாம், அதுக்குத்தான் சுத்திச் சுத்தி வர்றானுங்க."

"இத்தன வருசமா ஏன் தூக்கல?"

"கெழவி தூங்கல மச்சான். தூங்குனா கழுத்த அறுத்துருவானுங்க."

"எங்கக்கா கொறட்டைக்கு நீ முழிச்சுக் கெடக்கற மாதிரியா?"

அப்புறம் செட்டி கதை சொன்னாய். வேறொரு மீனை வெள்ளி என்று நம்பிக் கிளம்பிய செட்டியை வழியில் வெட்டிப் போட்டார்கள். அன்றிலிருந்து அந்த மீனுக்குச் செட்டியைக் கொன்ற வெள்ளி என்று பெயர். "அது கொஞ்சம் மஞ்சப் பூத்திருக்கும். நெஜ வெள்ளி பாலு மாதிரி" என்றாய். சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாய்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. நடுச்சாமம் தாண்டி அந்தச் செட்டி மீன் மலைமேல் ஏறியது. மஞ்சளாகத்தான் இருந்தது. எனக்குத் தெரியும். வானத்தையே கரைத்துக் குடித்த ஆளை ஏமாற்றிவிட்டு ஒரு வருஷத்துக்குச் சிரிக்கலாம் என்று உன் விலாவில் இடித்தேன்.

"வெள்ளி ஒரு மொழம் ஏறிப்போச்சு மாமா. இன்னும் கனாவுலயே இருக்கியா?"

நீ கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாய். "மஞ்சளா இருக்கே மச்சான்."

"உங் கண்ணுதான் மஞ்சளா இருக்கு. கெழவனுக்கு வண்டி எதுக்கு? பேசாம அந்தக் கட்டில்ல போய்ப் படு" என்று சிரித்தேன். நீ எழுந்து மாட்டைப் பூட்டினாய். முதல் வளைவில் உண்மையைச் சொல்லித் திருப்பிக்கொள்ளலாம் என்று நானும் பின்னாலேயே வந்தேன்.

முதல் வளைவில் கல் வந்தது. உன் இடது மாட்டின் கண் பிய்ந்தது. அது மண்டியிட, வண்டி குடைசாய்ந்தது. ஐந்து பேர். ஒருவன் என்னைக் கீழே இழுத்துப் போட்டு வலது முழங்கையில் தடியால் அடித்தான். எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. நீ வண்டிக்கு முட்டுக்கொடுக்கும் கட்டையை உருவி ஒருவன் தாடையைப் பெயர்த்தாய். இன்னொருவன் பின்னாலிருந்து அரிவாளால் உன் தலையில் வெட்டினான். விழுந்தும் அவன் குதிகாலைக் கடித்துப் பிடித்திருந்தாய். மறுபடியும் வெட்டினான். நாலு மூட்டைப் புளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

உன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். "மஞ்சளா இருக்குன்னேனே மச்சான்" என்றாய். சிரிக்கப் பார்த்தாய் என்றுதான் நினைக்கிறேன், வாயெல்லாம் ரத்தம். நீ போன பிறகுதான் நிஜ வெள்ளி முளைத்தது, பால் மாதிரி.

இந்தப் பக்கத்து வண்டிக்காரர்கள் செட்டியை மறந்துவிட்டார்கள். பேரிகைக்காரனைக் கொன்ற வெள்ளி என்கிறார்கள். அது கண்ணில் படும்போதெல்லாம் அக்கா வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றுவாள். "எங் குடியக் கெடுத்த நீ அவிஞ்சு போ" என்பாள். மூன்று வருஷமாகப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஊரையே சிரிக்கவைக்கிறவன், அங்கே மட்டும் ஊமை.

முந்தாநாள் தாங்கவில்லை. "மண்ண எம்மேல போடுக்கா" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அது வெள்ளி இல்லன்னு அந்த மனுசனுக்குத் தெரிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சுது. மஞ்சளா இருக்குன்னாரு."

"அப்புறம் ஏன் பூட்டுனாரு?"

"நான் சிரிச்சேன்."

களி கிளறும் துடுப்பை எடுத்தாள். பழைய முறிவிலேயே மூன்று அடி. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நேற்று அந்த மீன் முளைத்தபோது அவள் வாசலுக்கு வரவில்லை.

நாளைக்குப் புளி ஏற்றிக்கொண்டு போகிறேன், ஒற்றைக் கையோடு. அதே தோப்பு. தின்று முடித்ததும் எவனாவது அந்த மீனுக்குப் பெயர் வந்த கதையைக் கேட்பான். சிரிக்கச் சிரிக்கச் சொல்வேன் என்று என்னிடம்தான் கேட்பார்கள். இதுவரை எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விடுவேன். நாளைக்குச் சொல்லப்போகிறேன். செட்டியில் ஆரம்பித்து, என் சிரிப்பில் முடிப்பேன் மாமா.